படபடக்கும் நெஞ்சு: பயமா, மருந்தா, நோயா?

எங்கள் அம்மாவின் நெஞ்சு படபடப்புக்கு 2009 க்குப் பிறகு வீட்டில் ஒரேயொரு விளக்கம்தான் இருந்தது. "உது மாத்தளனிலயும் முள்ளிவாய்க்காலிலயும் பட்ட பயம், பிள்ளை. இனிப் போகாது" என்று அவரே சொல்லுவார். அயலும் உறவும் அதையே சொன்னது. நானும் நம்பினேன். ஹெலி தாழப் பறந்தால், கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால், மே மாதம் பிறந்தால் அம்மாவுக்கு நெஞ்சு அடிக்கும். எங்களைப் போன்ற குடும்பங்களில் இதைப் புதினமாக யாரும் பார்ப்பதில்லை.

அம்மாவுக்குத் தொய்வும் இருந்தது. நீல நிறப் பம்ப் எப்போதும் தலையணைக்குக் கீழே கிடக்கும். நெஞ்சு படபடக்கும்போது மூச்சும் முட்டுவது போல இருக்குமாம். உடனே பம்பை இரண்டு முறை அடிப்பார். படபடப்பு கூடும். பயம் வரும். திரும்பவும் இரண்டு முறை அடிப்பார். இந்தச் சுற்று எங்கள் கண் முன்னால் வருடக்கணக்காக நடந்தது. ஒருவரும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிப் பார்க்கவில்லை.

ஒருநாள் தனியார் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த வைத்தியர் இரண்டு நிமிடம் கதை கேட்டார். "சண்டைக்குள்ள இருந்தனீங்களோ? அப்ப இது பயம்தான் அம்மா" என்று புரப்பிரனலோல் குளிசை எழுதித் தந்தார். தொய்வு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அன்றிரவு அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பம்ப் அடித்தும் கேட்கவில்லை. விடியுமுன் அரச வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒட்சிசன் முகமூடியோடு கிடந்தார். அங்கே எடுத்த ஈ.சி.ஜி. யில்தான் அவரது இதயம் ஒழுங்கற்றுத் துடிப்பது முதன்முதலாகத் தெரியவந்தது.

பயம், பம்ப், குளிசை, இதயநோய் என்று நான்கும் ஒரே உடம்பில் ஒன்றோடொன்று சிக்கியிருந்தன. அந்தச் சிக்கலின் நடுவில் இருந்தது அட்ரினலின். அதைப் பற்றிப் பிறகு நான் வாசித்தும், வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும்.

ஒரு சாவி, பல பூட்டுகள்

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகளின் உட்பகுதியில் அட்ரினலின் சுரக்கிறது. ஆபத்தைக் கண்டதும் அது இரத்தத்தில் கலக்கும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பைத் தயார்ப்படுத்தும். 1901 இல் ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் அமெரிக்காவில் இதைப் பளிங்கு வடிவில் பிரித்தெடுத்தார். அதன்பின் உடம்பு சுரக்கும் அதே பொருள் ஊசி மருந்தாகவும் கிடைக்கத் தொடங்கியது.

இந்த மருந்து ஓரிடத்தில் இரத்தக்குழாயைச் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் மூச்சுக்குழாயை விரிக்கிறது. ஏன் இப்படி என்பதற்கு 1948 இல் ரேமண்ட் அல்குவிஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர் விடை சொன்னார். கலங்களில் அட்ரினலினை ஏற்கும் பூட்டுகள் ஒரே வகையானவை அல்ல என்றார். அவற்றுக்கு அல்பா, பீட்டா என்று பெயரிட்டார். அல்பா திறந்தால் இரத்தக்குழாய் சுருங்கும். பீட்டாவில் இரண்டு முக்கிய வகைகள் இருப்பது பின்னர் தெரியவந்தது. பீட்டா-1 பெரும்பாலும் இதயத்தில் இருக்கிறது. பீட்டா-2 பெரும்பாலும் மூச்சுக்குழாயில் இருக்கிறது.

"பெரும்பாலும்" என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இதயத்திலும் ஓரளவு பீட்டா-2 உண்டு. எனவே நுரையீரலுக்கென்று எடுக்கும் மருந்து இதயத்தை முற்றாக விட்டுவிடுவதில்லை.

இதயத்தில் என்ன நடக்கிறது?

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பையும் தொடக்கிவைப்பது அதுதான். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவருக்கு அது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்சமிக்ஞை அனுப்பும். அட்ரினலினோ அதைப் போன்ற மருந்தோ அங்கே போய்ச் சேரும்போது பல மாற்றங்கள் நடக்கின்றன.

முதலில் அந்த முடிச்சு வேகமாகச் சமிக்ஞை அனுப்பும். நாடி கூடும், ஆனால் ஒழுங்காக இருக்கும்.

அடுத்ததாக, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வாசல் சமிக்ஞைகளை விரைவாகக் கடத்திவிடும். சாதாரண ஆளுக்கு இதனால் பிரச்சினை இல்லை. மேலறை ஏற்கெனவே ஒழுங்கற்று அதிரும் ஒருவருக்கு, அந்தக் குழப்பமான சமிக்ஞைகளில் அதிகமானவை கீழறைக்கு இறங்கிவிடும். நாடி 130, 150 என்று ஏறும்.

கலங்களுக்குள் கல்சியம் கூடுதலாகப் புகுந்து ஒவ்வொரு துடிப்பும் பலமாக அடிக்கும். "நெஞ்சுக்குள்ள உலக்கை போடுற மாதிரி" என்று அம்மா சொல்வது இதைத்தான். கல்சியம் அளவு மீறினால் முடிச்சுக்கு வெளியேயுள்ள ஏதோவொரு கலம் தன் முறை வரும் முன்பே துடிப்பைத் தொடக்கிவிடும். இந்த முந்திய துடிப்பைத் தொடர்ந்து ஒரு சிறு இடைவெளி வரும். "ஒரு அடி விட்டுப்போச்சு" என்று நாம் உணர்வது அந்த இடைவெளியை. நலமான இதயத்தில் எப்போதாவது இப்படி நடப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. மாரடைப்பு வந்த இதயம், வீங்கிய இதயம், பிறப்பிலேயே மின்னோட்டக் கோளாறுள்ள இதயம் என்றால் அதுவே ஆபத்தான தாளக் குழப்பத்துக்கு வழிவிடலாம்.

இன்னொன்று பொற்றாசியம். பீட்டா-2 தூண்டப்படும்போது இரத்தத்திலுள்ள பொற்றாசியம் கலங்களுக்குள் இழுக்கப்படுகிறது. இரத்தத்தில் அது குறைந்தால் இதயத்தின் தாளம் எளிதில் குழம்பும். கால் வீக்கத்துக்கும் பிறசருக்கும் சிறுநீர் போக எடுக்கும் சில குளிசைகளும் பொற்றாசியத்தைக் குறைப்பவை. இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாம் நாடியைக் கூட்டும் என்றும் சொல்ல முடியாது. நோஅட்ரினலின், ஃபினைல்எஃப்ரின் போன்றவை முக்கியமாக இரத்தக்குழாயைச் சுருக்கிப் பிறசரை ஏற்றுபவை. பிறசர் ஏறியதும் உடம்பு அதைச் சமன்படுத்த முயலும். அதனால் நாடி குறைவதும் உண்டு.

நீலப் பம்பும் ஒரு பழைய பாடமும்

எங்கள் வீடுகளில் அதிகம் புழங்கும் அட்ரினலின் போன்ற மருந்து சல்பியூட்டமோல். பம்பை ஒருமுறை அடித்தால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். வைத்தியசாலையில் முகமூடி வைத்து ஆவியாகப் பிடிக்கத் தருவது 2.5 அல்லது 5 மில்லிகிராம். 5 மில்லிகிராம் என்பது கணக்கின்படி 50 அடிக்குச் சமம். அதில் நிறைய காற்றிலும் கருவியிலும் வீணாகிவிடும் என்றாலும், பம்பில் எடுப்பதைவிட உடம்பில் சேரும் அளவு அதிகம்தான். ஆவி பிடித்த பிறகு கை நடுங்குவதும் நெஞ்சு அடிப்பதும் எதிர்பார்க்கக்கூடியவை. பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் அடங்கிவிடும்.

சல்பியூட்டமோலுக்கு முன்பு ஐசோபிரினலின் என்ற மருந்தின் பம்ப் பாவனையில் இருந்தது. அது பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் வேறுபாடின்றித் திறப்பது. 1960களில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் தொய்வால் இறக்கும் இளவயதினரின் தொகை திடீரென்று கூடியது. வீரியம் கூடிய ஐசோபிரினலின் பம்ப் மீது சந்தேகம் விழுந்தது. மருந்து இதயத்தின் தாளத்தைக் குலைத்ததா, அல்லது பம்ப் தந்த தற்காலிக ஆறுதலை நம்பி மக்கள் வைத்தியசாலைக்குப் போகப் பிந்தினார்களா என்று நீண்ட விவாதம் நடந்தது. இரண்டுமே நமக்குப் பாடம்தான்.

பீட்டா-2 ஐ முதன்மையாகக் குறிவைக்கும் சல்பியூட்டமோல் 1969 இல் விற்பனைக்கு வந்தது. அது ஐசோபிரினலினைவிட இதயத்துக்குப் பாதுகாப்பானது. ஆனாலும் அது மூச்சுக்குழாயை விரித்துவிடுமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைக் குணப்படுத்தாது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியான ஜீனா 2019 இல் தன் நிலைப்பாட்டை மாற்றியது. வளர்ந்தவர்களும் பதின்ம வயதினரும் சல்பியூட்டமோல் போன்ற உடனடி மருந்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொயிட் பம்பும் வேண்டும் என்று அது சொல்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீலப் பம்பை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. மூச்சு இழுக்கும்போது அது உயிர்காக்கும் மருந்து. நெஞ்சு அடிக்கும் என்று பயந்து தொய்வு வரும்போது பம்ப் எடுக்காமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. கிழமையில் பல நாள் அது தேவைப்படுகிறது என்றால், தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

பூட்டை அடைக்கும் குளிசை

அம்மாவுக்குத் தரப்பட்ட புரப்பிரனலோல் இந்தக் கதையின் மறுபக்கம். அட்ரினலின் போய்ச் சேரும் பீட்டா பூட்டை முன்கூட்டியே அடைத்துவிட்டால் நெஞ்சுவலியைத் தடுக்கலாம் என்று எண்ணியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். 1960களில் அவர் உருவாக்கிய புரப்பிரனலோல் இதயநோய் சிகிச்சையையே மாற்றியது. 1988 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பயத்தால் வரும் படபடப்பு, கை நடுக்கம் ஆகியவற்றுக்கும் அதைக் கொடுப்பதுண்டு.

ஆனால் புரப்பிரனலோல் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். இதயத்தை அமைதிப்படுத்தும் அதே வேளை மூச்சுக்குழாயைச் சுருங்கவிடும். சல்பியூட்டமோல் போய்த் திறக்க வேண்டிய பூட்டையும் மூடிவிடும். அன்றிரவு அம்மாவுக்குப் பம்ப் கேட்காமல் போனது இதனால்தான். தொய்வு உள்ளவர்களுக்கு இந்தக் குளிசை ஆகாது. "பயத்துக்கு" என்று யார் குளிசை தந்தாலும், தொய்வு இருப்பதை நாமாகவே சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே புரப்பிரனலோல் எடுத்துவருபவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

கவனிக்காமல் விடும் மருந்துகள்

மூக்கடைப்புக்கும் தடிமனுக்கும் மருந்துக்கடையில் வாங்கும் சில குளிசைகளில் சூடோஎஃபிட்ரின் அல்லது ஃபினைல்எஃப்ரின் இருக்கும். முன்னையது நாடியையும் பிறசரையும் கூட்டக்கூடியது. இதே குடும்பத்து எஃபிட்ரா என்ற மூலிகை, உடல் மெலிய உதவும் என்று அமெரிக்காவில் விற்கப்பட்டது. இதயப் பாதிப்பும் பக்கவாதமும் காரணமாக 2004 இல் அங்கே அதற்குத் தடை வந்தது. "மூலிகைதானே" என்று எண்ணி எதையும் எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பல் பிடுங்கும்போது விறைக்கப் போடும் ஊசியிலும் அட்ரினலின் சேர்ப்பார்கள். இரத்தக்குழாயைச் சுருக்கி, விறைப்பு மருந்தைக் கூடிய நேரம் அதே இடத்தில் வைத்திருக்க அது உதவும். அளவு மிகச் சிறியது. 80,000 இல் 1 என்ற செறிவில் ஒரு மில்லிலீற்றருக்கு 12.5 மைக்ரோகிராம்தான். இருந்தும் சிலருக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் நெஞ்சு படபடக்கும். இதயநோய் இருந்தால் பல் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது.

தியோபிலின் என்ற தொய்வுக் குளிசையும், கோப்பியும், கடும் தேத்தண்ணியும் அட்ரினலின் குடும்பம் அல்ல. என்றாலும் பம்போடு சேரும்போது படபடப்பைக் கூட்டக்கூடியவை.

ஊசியைக் கண்டு பயப்பட வேண்டாம்

இவ்வளவும் வாசித்தவர்கள் அட்ரினலின் என்றாலே ஒதுங்கிவிடக் கூடாது. உணவு, மருந்து, குளவிக்கொட்டு போன்றவற்றால் கடும் ஒவ்வாமை வந்து மூச்சும் பிறசரும் விழும்போது முதல் மருந்து அதுதான். வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடப்படும். நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், ஆனால் உயிர் மிஞ்சும்.

வயல் வேலை செய்யும் வன்னி மக்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. பாம்புக்கடிக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தருகிறது. இலங்கையில் 1007 நோயாளர்களிடம் நடத்தி 2011 இல் வெளியான ஆய்வு ஒன்று, விஷமுறிவு ஏற்றுமுன் சிறிய அளவு அட்ரினலின் போட்டால் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமை 43 வீதம் குறைகிறது என்று காட்டியது. அளவும் நேரமும் பொருந்தினால் இதே மருந்து இதயத்தையும் காப்பாற்றும்.

போரைச் சுமந்த இதயம்

போர் நெஞ்சைப் படபடக்க வைக்கும் என்பது பொய்யல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்போடும் மூச்சு முட்டலோடும் வந்த 300 வரையான படையினரை ஆராய்ந்து ஜேக்கப் டா கொஸ்தா என்ற வைத்தியர் 1871 இல் கட்டுரை எழுதினார். "படைவீரரின் இதயம்" என்று அந்நிலைக்குப் பெயரே வந்தது. நம்மிடையே 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1517 வீடுகளை எடுத்து நடத்திய ஆய்வில், 7 வீதமானோருக்குப் போர் வடுவின் மனநோய் அறிகுறிகளும், 32.6 வீதமானோருக்குப் பதற்ற அறிகுறிகளும் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் பதற்றம் 48.5 வீதம்.

ஆனால் "இது பயம்" என்று சொல்லிக் கதையை முடிப்பதில்தான் பிழை இருக்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில் படையில் இருந்த இரட்டையர்களை வைத்து 2013 இல் வெளியான ஆய்வில், போர் வடுவின் மனநோய் உள்ளவர்களுக்கு இதயக்குழாய் நோய் இரண்டு மடங்குக்கும் அதிகமாக வந்திருந்தது. பயந்த இதயத்துக்கு நோய் வராது என்பதில்லை. அதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். செல்லடிக்குள் வாழ்ந்தவர் என்பதற்காக ஒருவருக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் விடுவது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மனதுக்கான சிகிச்சையைத் தராமல் வெறும் குளிசையோடு அனுப்புவதும் அப்படித்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

படபடப்பு வரும்போது இருந்துகொண்டு, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். ஒழுங்கற்ற துடிப்பு அந்தக் கணக்கில் அகப்படாது.

பயத்தாலும் பம்பாலும் வரும் படபடப்பு பொதுவாக ஏறி, மெல்ல இறங்கும். நாடி வேகமாக இருந்தாலும் ஒழுங்காக இருக்கும். சுவிட்ச் போட்டது போலத் திடீரெனத் தொடங்கித் திடீரென நின்றாலோ, 150 ஐத் தாண்டினாலோ, தாளமே இல்லாமல் அடித்தாலோ அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஈ.சி.ஜி. வேண்டும். வழமையான ஈ.சி.ஜி. பதிவது சுமார் 10 விநாடிகளை மட்டும்தான். அந்த நேரம் படபடப்பு இல்லையென்றால் ஒன்றும் தெரியாமல் போகலாம். 24 மணித்தியாலம் பதியும் ஹோல்டர் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நான்கு விடயங்களை எழுதிவையுங்கள்: வந்த நேரம், நாடி எண்ணிக்கை, அதற்கு முன் நடந்தது என்ன, முந்திய ஆறு மணித்தியாலத்தில் எடுத்த மருந்து எது. பம்ப் எத்தனை அடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படபடப்போடு நெஞ்சுநோ, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் இருந்தாலோ, வாய் கோணி கை கால் சோர்ந்தாலோ காத்திருக்காமல் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். மனப் பாரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

அம்மாவுக்கு இருப்பது ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்ற, வந்து வந்து போகும் தாளக் கோளாறு. பம்ப் மட்டும் அதற்குக் காரணமில்லை, பல வருடம் கவனிக்காமல் விட்ட பிறசரும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்தக் கோளாற்றில் மேலறையில் இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக்கூடும். இப்போது இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை, நாடியைக் கட்டுப்படுத்தப் புரப்பிரனலோலுக்குப் பதிலாக டில்டியாசெம், காலையும் மாலையும் ஸ்டீரொயிட் பம்ப் எடுக்கிறார். நீலப் பம்ப் அலுமாரிக்குப் போய்விட்டது. மாதக்கணக்கில் அதை எடுக்கத் தேவை வருவதில்லை.

போன மே மாதமும் அம்மாவுக்கு நெஞ்சு அடித்தது. நினைவேந்தலுக்குப் போய் வந்த இரவு நித்திரையில்லாமல் எழும்பியிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்: "தொண்ணூற்றி நாலு. ஒழுங்காத்தான் அடிக்குது. இது பயம்தான், பிள்ளை."

பிறகு இரண்டு பேரும் விடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.